அளவு ஜாக்கெட்

அவளுக்கு யாருடைய ஜாக்கெட்டும் சரியாக இருக்கும். அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். வடக்கனந்தலில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த தையல் கடையில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காஜா எடுக்கவும் ஹூக்கு கட்டவும் உட்காருவாள். புதுத் துணி கொடுக்கிற பெண்கள் அளவுக்கென்று தங்களுடைய பழைய ஜாக்கெட் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள் இல்லையா, மாஸ்டர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அதை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விடுவாள். மாட்டிக்கொண்டு வந்து, துணைக்கு உட்கார்ந்திருக்கும் என் முன்னால் நிற்பாள்.

“இது யாருதுன்னு சொல்லு?”

“தபால்காரர் வூட்டம்மாவுது.”

“கையத் தூக்கவே முடியல பாரேன். அந்தம்மா இன்னாத்துக்கு எப்பப் பாத்தாலும் கையக் கட்டிக்கினே நிக்குதுன்னு இப்பதான் தெரியுது. ஜாக்கெட்ட போட்டுப் பாத்தாதாண்டி அவங்க எப்டி மூச்சு வுடறாங்கன்னு தெரியும்.”

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவளைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். கேட்க எனக்கு முகமில்லை. ஒரே தெரு, ஒரே சாதி, பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அவளுடைய அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். என் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. அந்த இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு நான் அவளிடம் காட்டிய பவுசு இருக்கிறதே, இப்போது நினைத்தால் என்னை நானே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

அப்போது ஒரு நடிகை இருந்தார். அவர் பெயரும் வேண்டாம். எங்கள் வயசுப் பெண்கள் எல்லோருக்கும் அவர் மேல் பைத்தியம்தான். ஆனால் நாங்கள் பார்த்ததெல்லாம் அவருடைய முகத்தை. இவள் பார்த்தது கழுத்து வெட்டையும் கை வைத்திருக்கிற விதத்தையும். கள்ளக்குறிச்சி டாக்கீஸில் ஒரே படத்துக்கு மூன்று தடவை என்னை இழுத்துக்கொண்டு போனாள். பாட்டு முடிந்ததும், “பின்னால ஹூக்கு அஞ்சுதான். நான் ஆறுன்னு நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். கதை முடிகிற வரைக்கும் உட்காரவில்லை. டிக்கெட்டுக்குப் பண்டம் பாத்திரம் விற்காத குறையாகச் சேர்த்திருந்த எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

கடையில் ஆரம்பித்த பழக்கம் வீடுகளுக்கும் போனது. போனது என்று நாசூக்காகச் சொல்கிறேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்தோம், அதுதான் விஷயம். எங்கள் ஊரில் முன் கதவுக்குப் பூட்டு உண்டு, தோட்டத்துக் கதவுக்கு வெறும் கொக்கிதான். ஒரு குச்சியை விட்டு நெம்பினால் திறந்துவிடும். ரைஸ் மில்காரர் வீட்டுக்குச் சென்னையிலிருந்து ஒரு மருமகள் வந்திருந்தாள். எங்கள் ஊரிலே நைட்டி என்ற ஒன்றை முதலில் போட்டவள் அவள்தான். ஊர்ப் பெண்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். இவளுக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போன நேரத்தில் உள்ளே போனோம். நான் கதவோரம் காவல் நின்றேன். இவள் அந்த நைட்டியைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் அறைக்கும் மெதுவாக நடந்தாள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். ஜன்னல் பக்கம் போய் வெகு நேரம் நின்றாள்.

“சீக்கிரம் வாடி, பாவி! வந்துடப் போறாங்க.”

“இந்தப் பொண்ணுக்கு இங்க புடிக்கலடி” என்றாள். “ஜன்னல் கம்பி இவ கை பட்டுப் பட்டு எப்டி வழவழன்னு ஆயிருக்கு பாரு.”

நைட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை அதைத் துவைத்து, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். அடி மடிப்பில் தையல் விட்டிருந்ததாம், அதையும் தைத்து வைத்திருந்தாள். திருடிய துணியைத் தைத்துக் கொடுத்தவள் உலகத்திலே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். “திருடறவ திருப்பி வெப்பாளா? அட போடி” என்பாள் நான் ஏதாவது சொன்னால். ஒரு கூலிங்கிளாஸ், ஒரு குதி உயர்ந்த செருப்பு, கல் வைத்த ஒரு கொண்டை ஊசி என்று அந்த வருஷம் நாலைந்து வீடு. எல்லாம் ஒரு வாரத்தில் திரும்பப் போய்விடும். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் மறியலுக்குக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. தினமும் சாயங்காலம் அப்பா கூட்டத்துக்குப் போய்விடுவார். அந்தச் சமயத்தில்தான் அந்த நடிகை கல்வராயன் மலைக்கு ஷூட்டிங் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. என் சித்தி வெள்ளிமலையில் டீச்சர். இவள் விடுவாளா?

“உங்க சித்தி வூட்டுக்கு என்னையும் இட்டுக்கினு போடி. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனோம். அருவிப் பக்கம் ஷூட்டிங். மலையே திரண்டு நின்றது. எங்களுக்குத் தெரிந்தது ஒரு பெரிய குடையும், அதன் கீழே ஒரு கொண்டையும்தான். நான் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இங்க இன்னா தெரியும்? அவங்க இங்க இருக்காங்கன்னா ரூம்ல இல்லன்னுதான அர்த்தம்? வா.”

நடிகை தங்கியிருந்தது ஒரு எஸ்டேட் பங்களாவில். பின்பக்கம் ஒரு மலைக்காரப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குப்பாயி என்று பெயர். பங்களாவைப் பெருக்கித் துடைத்து, வருகிறவர்கள் துணியையும் துவைத்துப் போடுகிறவள். பக்கத்தில் தூளியில் கைக்குழந்தை தூங்கியது. நான் “ஏம்மா” என்று ஆரம்பித்தேன். இவள் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், “அக்கா, ஒரே ஒரு தடவ ரூம பாத்துட்டு வந்துடறோம்க்கா” என்றாள்.

குப்பாயி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “எதையும் தொடாதீங்க பாப்பா. என்னத்தான் கேப்பாங்க” என்று சொல்லி, குளியலறைப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். குழந்தை அழவே, தூளியை ஆட்டப் போய்விட்டாள்.

மேசைமேல் இரண்டு தங்க வளையல் கிடந்தது. கைக்கடிகாரம் ஒன்று. இவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பியில் வரிசையாகத் தொங்கிய ஜரிகையும் ஜிகினாவும் வைத்த துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய், கடைசியில் தொங்கிய ஒன்றை எடுத்தாள். மயில் கழுத்து நிறம், பஃப் கை, அக்குள் பக்கம் வேர்வையில் வெளுத்துப்போன ஜாக்கெட்.

“வேணாண்டி. அந்தப் பொம்பள அவ்ளோ சொல்லிச்சே.”

“இது பழசு, தேட மாட்டாங்க. வெட்டு எப்டின்னு பாத்துட்டு அடுத்த சனிக்கெழம வெச்சுடலாம். நம்மகிட்டருந்து இதுவரைக்கும் எதனா திரும்பிப் போவாம இருந்திருக்குதா?”

அவள் நினைப்பில் அது யாருக்கும் கெடுதல் இல்லாத காரியம். இருப்பதிலேயே மட்டமானதைப் பார்த்து எடுத்தாள். அந்தப் பழைய ஜாக்கெட்டில்தான் பாதிப் பாட்டை எடுத்து முடித்திருந்தார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? மீதிப் பாட்டுக்கும் அதே ஜாக்கெட் வேண்டும், இல்லாவிட்டால் அதுவரை எடுத்ததெல்லாம் குப்பை. வளையலை எடுத்திருந்தால்கூடப் படக்காரர்கள் அப்படி அலறியிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கினோம். அன்று சாயங்காலம் கடைத் திரைக்குப் பின்னால் போய் அதைப் போட்டுக்கொண்டாள். வெளியே வர நேரமாயிற்று. வந்தவள் முகத்தில் சிரிப்பில்லை.

“மூச்சே வுட முடியலடி. இத்த போட்டுக்கினுதான் அவங்க சிரிச்சி சிரிச்சி ஆடறாங்க” என்றாள்.

ஒரு வெட்டைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் தையற்காரர்கள் ஜாக்கெட்டைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். முன் துண்டு, முதுகுத் துண்டு, கை, பட்டி என்று ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் வைத்து வரைந்துகொள்வார்கள். இவளும் அன்றைக்கே பிரித்துவிட்டாள். மறுநாள் விடிந்தால் மறியல். கச்சிராயபாளையம் ரோட்டில் இருந்த புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது. போலீஸ் மட்டும் ஊருக்கு ஊர் இறங்கியிருந்தது. மாஸ்டர் மாமியார் ஊரில் மாட்டிக்கொண்டார். கடைச் சாவி இவளிடம் இருந்தது.

புதன்கிழமை மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு ஒருவர் குறுக்குப் பாதையில் நடந்து இறங்கி வந்தார். கடை வாசலில் மூட்டையை இறக்கித் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு அவராகவே சொன்னார்.

“மேல பங்களாவுல சினிமாக்காரம்மா ஜாக்கெட்டு காணாமப் போச்சாம். பெருக்கற பொண்ணு குப்பாயிய ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டி வெச்சிருக்காங்க. போலீசெல்லாம் கீழ மறியலுக்கு வந்துட்டாங்களா, ரோடு தெறந்து அவங்க மேல வர்ற வரைக்கும் உள்ளதான்றாரு மேனேஜரு. புருசன்காரன் புள்ளையத் தூக்கினு போயி, பால் குடுக்க கதவத் தொறங்க சாமின்னு வாசல்ல நிக்கறான்.”

அவர் போனதும் இவள் ஜாக்கெட் துண்டுகளை எடுத்து மிஷினில் உட்கார்ந்தாள். ரோடு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. திறந்தால் குப்பாயியைப் போலீஸில் கொடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் இது மேலே போய்ச் சேர வேண்டும். மத்தியானத்திலிருந்து இருட்டுகிற வரை தைத்தாள். பழைய ஊசித் தடத்திலேயே பார்த்துப் பார்த்து ஓட்டினாள். மார்பும் முதுகும் சேருகிற இடத்தில் மட்டும் நூல் கனம் தள்ளி, கொஞ்சம் தளர்த்தி விட்டாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அந்த நடிகை மூச்சு விட வேண்டுமே என்ற நினைப்பு இருந்தது.

“நடந்தே போயிடலாம். விடிகாலைல கௌம்பினா பொழுது சாயறதுக்குள்ள போயிடலாம்” என்றாள். “நாமதான் எடுத்தோம்னு சொல்லிடுவோம். சும்மா போட்டுட்டு ஓடி வந்தா அந்த அக்காவ நம்ப மாட்டாங்க.”

“சரி.”

“மலைக்குப் போற அணை ரோட்டு முனையில நிக்கறேன். வந்துடுவ இல்ல?”

“வந்துடறேன்” என்றேன்.

மறுநாள் விடியும்போது அப்பா வாசலில் நின்றிருந்தார். பக்கத்துத் தெருவில் போலீஸ் ஆட்களைப் பிடித்துப் போய்விட்டதாகவும், வீட்டில் இருந்து ஒருத்தரும் வெளியே தலைகாட்டக் கூடாது என்றும் சொன்னார். வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அப்பாவைச் சாக்காகச் சொல்லலாம், இத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அவர் நின்றது முன் வாசலில். அவளோடு சேர்ந்து எத்தனை வீட்டுத் தோட்டத்துக் கதவைத் திறந்தவள் நான். என் வீட்டுத் தோட்டத்துக் கதவைத் திறக்க மட்டும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. போனால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் போகவில்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் அவள் அந்த முனையில் நின்றுகொண்டிருந்ததாகக் கடுக்காய்க்காரர் பின்னால் ஒரு நாள் சொன்னார்.

மறியல் முடிந்து ரோடு திறந்த அன்று எஸ்டேட் ஜீப் மலையிலிருந்து வந்தது. கடைத்தெரு வழியாக, ஊர் பார்க்க, பள்ளிக்கூடத்துக்கே போனது. பின் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்து, இரண்டு காலிலும் துணி சுற்றியிருந்தது. நான் கூட்டத்தில் நின்றேன். என்னைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

கூட யாராவது இருந்தார்களா என்று பள்ளிக்கூடத்தில் யாரும் என்னைக் கேட்கவில்லை. மேலே எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்ட சித்தியும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் குடும்பத்துக்கு அந்த விஷயத்தில் நல்ல ஒற்றுமை. அவளுடைய அப்பா அழுது கெஞ்சியதால் அவளைப் பரீட்சை எழுத மட்டும் விட்டார்கள். என்னைவிட அவள் மார்க்கு ஜாஸ்தி. ஆனால் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் திருப்தியில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எங்கே விண்ணப்பம் போடுவது? இரண்டே மாதத்தில் தியாகதுருகம் பக்கம் ஒரு செங்கல் சூளைக்காரருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

அதற்கப்புறம் எங்கள் ஆட்களுக்கு ஒதுக்கீடு கிடைத்தது. அதில்தான் எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் வந்தது, வேலையும் வந்தது. அவளுக்கும் அதே சாதிச் சான்றிதழ்தான். என்னுடைய நடத்தை நன்று என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பல வருஷம் கழித்து எனக்கு மலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. போய்ச் சேர்ந்த முதல் நாள் சத்துணவுக் கூடத்தில் அரிசி களைந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். தலை நரைத்திருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ரெண்டு பேரு வந்தீங்க இல்ல? நீங்க பொறத்தால நின்னீங்க” என்றாள் குப்பாயி.

அவள் அரிசியைக் களைந்துகொண்டே பேசினாள்.

“அந்தப் பொண்ணு சாயங்காலமா வந்துச்சு டீச்சர். காலெல்லாம் ரத்தம். ஜாக்கெட்ட நீட்டி, நாந்தான் எடுத்தேன், அக்காவ வுட்டுடுங்கன்னுச்சு. என்னைய வெளிய வுட்டுட்டு அந்தப் பொண்ண அதே ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டினாங்க. மறுநாளே சினிமாக்காரம்மா அந்த ஜாக்கெட்ட போட்டுக்கினு ஆட்டம் ஆடிச்சு. இப்பதான் நல்லாருக்குன்னுகூட சொல்லிச்சாம். சாமான் கெடச்சிருச்சி, போலீசு வேணாம்னுட்டாங்க. ஆனா கூட வந்தது யாருன்னு சொல்லுன்னு மேனேஜரு ரெண்டு நாளு அடிச்சாரு. யாருமில்ல, தனியாதான் வந்தேன்னு அதையே சொல்லிக்கினு இருந்துச்சு. அப்பறம் எங்கிட்ட கேட்டாரு. அந்தப் பொண்ணு என்னைய ஒரு பார்வ பாத்துச்சு. ஒருத்திதான் சாமின்னு நானும் சொல்லிட்டேன்.”

ஜீப்பில் போகும்போது அவள் ஏன் என்னைத் தெரியாதவள் போலப் பார்த்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் அந்த மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

“என்மேல கோவமா இருந்தாளா?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“கோவமா? நல்லவேள அவ வரலக்கா, அவ அடி தாங்க மாட்டான்னு சொல்லிச்சு.” குப்பாயி அரிசித் தண்ணீரைக் கீழே வடித்தாள். “அந்த வேல எனக்கு அதோட போயிருச்சி. போனாப் போவுது. வுட்டுட்டு ஓடாம அம்மாந்தூரம் நடந்து வந்துச்சே. இப்ப எங்க இருக்குது? பாத்தா குப்பாயி கேட்டான்னு சொல்லுங்க.”

“சொல்றேன்” என்றேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் இருந்தேன். தியாகதுருகம் ஒன்றும் சீமை இல்லை. கள்ளக்குறிச்சியில் பஸ் மாறினால் அரை மணி நேரம். நான் போகவில்லை. ஒவ்வொரு லீவு முடிந்து போகும்போதும் குப்பாயி மறக்காமல் கேட்பாள். பார்த்தேன், நன்றாக இருக்கிறாள், உன்னை ரொம்ப விசாரித்தாள் என்று சொல்வேன். குப்பாயிக்கு அன்றைக்கு முழுக்க சந்தோஷமாக இருக்கும்.